டிராவல்ஸ் கடைக்குப் பின்னால் இருக்கும் மொத்த வியாபாரி

சென்னையிலிருந்து லண்டனுக்குப் போகும் டிக்கெட்டுக்கு விமான நிறுவனத்தின் சொந்த இணையதளம் ஒரு விலை காட்டும். மண்ணடியில் இருக்கும் ஒரு சிறிய டிராவல்ஸ் கடையில் கேட்டால், அதே நாள், அதே விமானம், அதே வகுப்பு, சில ஆயிரம் குறைவாகச் சொல்வார்கள். கடைக்காரர் தன் கமிஷனில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் விட்டுக்கொடுக்க அவரிடம் பெரிய கமிஷன் எதுவும் இல்லை; பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் குறைந்த விலை அவருக்கு வேறொருவரிடமிருந்து வருகிறது. தொழிலில் அவரைக் கன்சாலிடேட்டர் என்பார்கள். விமான நிறுவனங்களிடம் தனி விலை பேசி, அதைச் சிறிய ஏஜென்டுகளுக்கு மட்டும் விற்கும் மொத்த வியாபாரி. பயணிக்கு அவர் பெயரே தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

மலிவான இருக்கைகளை விற்பவர் என்று அவரைச் சொல்வது பாதி உண்மைதான். விமான நிறுவனத்துக்கு அவர் தருவது மறைப்பு. சிறிய ஏஜென்டுக்கு அவர் தருவது கடனும் டிக்கெட் அச்சிடும் உரிமையும். இந்த இரண்டையும் விளங்கிக்கொண்டால் விலை ஏன் குறைகிறது என்பது தானாகப் புரிந்துவிடும்.

முதலில் உரிமை. கடைப்பலகையில் விமானப் படம் வரைந்திருப்பவர் எல்லாரும் டிக்கெட் வெளியிட முடியாது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் அங்கீகாரம் வேண்டும். அதற்கு நிதிநிலைக் கணக்கு காட்ட வேண்டும், வழக்கமாக வங்கி உத்தரவாதமும் தர வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் விற்ற டிக்கெட்டுகளின் பணம் பி.எஸ்.பி. என்ற பொதுத் தீர்வு முறை வழியாகப் போய்ச் சேர்கிறது. 1971-ல் ஜப்பானில் தொடங்கிய முறை இது. நூறு விமான நிறுவனங்களுக்கு நூறு காசோலை எழுதாமல், குறித்த தேதியில் ஒரே தொகையாகக் கட்டினால் போதும். வசதிதான். ஆனால் அந்தத் தேதியைத் தவறவிட்டால் அத்தனை நிறுவனங்களின் டிக்கெட்டும் ஒரே நேரத்தில் நின்றுபோகலாம். மாதம் நாற்பது ஐம்பது டிக்கெட் விற்கும் ஒரு கீழக்கரைக் கடைக்கோ தஞ்சாவூர்க் கடைக்கோ இந்தச் சுமை கட்டுப்படியாகாது. எனவே அவர்கள் அங்கீகாரம் உள்ள ஒரு பெரியவரின் கீழே சப் ஏஜென்டாக இயங்குகிறார்கள். இந்தியாவில் தெருவுக்குத் தெரு காணும் டிராவல்ஸ் கடைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன.

மறைப்பு என்ற விஷயம் இதைவிடச் சுவையானது.

விமானத்தின் கதவு மூடிய நொடியில் காலி இருக்கையின் மதிப்பு பூஜ்யமாகிவிடும். அதனால் எந்த நிறுவனமும் கடைசி இருக்கைகளைக் குறைத்தாவது விற்கத்தான் பார்க்கும். சிக்கல் என்னவென்றால், குறைத்த விலையை எல்லாருக்கும் தெரிகிறபடி அறிவித்துவிட்டால், முழு விலை கொடுக்கத் தயாராக இருந்தவரும் அதையே கேட்பார். போட்டி நிறுவனமும் அன்று மாலைக்குள் தானும் குறைக்கும். ஆகவே ஊரறிய ஒரு விலை, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் ஒரு விலை. சென்னையிலிருந்து லண்டனுக்கு நேராகப் போகக்கூடியவரைக் கொழும்பு வழியாகவோ தோஹா வழியாகவோ அழைத்துப் போக விரும்பும் நிறுவனங்களுக்கு இந்தத் தேவை இன்னும் அதிகம். சுற்றிப் போகிறவருக்கு ஏதாவது ஈடு செய்தாக வேண்டும். அதே நேரத்தில் கொழும்புக்கு மட்டும் போகிறவரிடமும் தோஹாவுக்கு மட்டும் போகிறவரிடமும் விலையைக் குறைக்கக்கூடாது.

இது பழைய வழக்கம். ஐயாட்டா 1945-ல் ஹவானாவில் உருவானது. மறு ஆண்டு பிரிட்டனும் அமெரிக்காவும் பெர்முடாவில் செய்துகொண்ட ஒப்பந்தம், சர்வதேசக் கட்டணங்களை விமான நிறுவனங்கள் ஐயாட்டா மாநாடுகளில் கூடிப் பேசி முடிவு செய்யவும் அரசுகள் அதற்கு ஒப்புதல் தரவும் வழி செய்தது. கூட்டத்தில் ஒரு கட்டணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே நிறுவனங்களில் சில, விற்காத இருக்கைகளை லண்டனின் சிறு கடைகளில் பின்வழியாகத் தள்ளின. 1970-களில் 'பக்கெட் ஷாப்' என்ற கேலிப் பெயருடன் அவை பெருகின. மாணவர்களும், ஊருக்குப் போய் வர விரும்பிய ஆசிய, ஆப்பிரிக்கக் குடியேறிகளும் தேடிப் போன கடைகள் அவை. விதிப்படி அது தவறு. ஆனால் விதியை எழுதியவர்களே உடைத்ததால் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 1978-ல் அமெரிக்கா உள்நாட்டு விமானக் கட்டணங்களின் மீதான அரசுக் கட்டுப்பாட்டைச் சட்டம் போட்டு நீக்கத் தொடங்கிய பிறகு, காலப்போக்கில் பல நாடுகளிலும் கட்டுகள் தளர்ந்தன. பின்வழி வியாபாரம் முன்வாசலுக்கு வந்தது. கன்சாலிடேட்டர் மதிப்புள்ள தொழில்காரர் ஆனார்.

இந்தியாவில் இந்த ஏற்பாட்டின் உள்கணக்கைச் சாதாரண வாசகனும் படிக்கும்படி வெளியே கொண்டுவந்தது ஒரு வரி வழக்கு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உள்ளிட்ட சில வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் வருமான வரித்துறைக்கும் இடையில் 2001-02 மதிப்பீட்டு ஆண்டு தொடர்பாக எழுந்து, தீர்ப்பாயம், டெல்லி உயர் நீதிமன்றம் என்று ஏறி, 2022 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தீர்ப்பளித்தவர்கள் நீதிபதிகள் சூரிய காந்த், எம்.எம்.சுந்தரேஷ்.

விவகாரம் இதுதான். அறிவிக்கப்பட்ட கட்டணத்தின் மீது ஏஜென்டுக்கு ஒரு நிலையான கமிஷன் உண்டு. அந்தக் காலத்தில் 9 சதவீதமாக இருந்து 7 ஆனது. அதற்கு வரிப் பிடித்தம் செய்வதில் யாருக்கும் தகராறு இல்லை. அதற்கு வெளியே இன்னொரு பணம் இருந்தது. அறிவித்த கட்டணத்துக்கு மிகவும் கீழே விமான நிறுவனம் ஏஜென்டுக்கு ஒரு 'நெட்' விலை கொடுக்கும். ஏஜென்ட் அதற்கு மேலே, அறிவித்த கட்டணத்துக்குக் கீழே, எங்கேயாவது ஓர் இடத்தில் விற்றுக்கொள்ளலாம். நெட் விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில் உள்ள தொகை அவருடையது. இதற்கும் கமிஷன் என்று பெயர் வைத்து வரி பிடிக்க வேண்டாமா என்று துறை கேட்டது.

விமான நிறுவனங்கள் சொன்ன பதில் ரசிக்கத்தக்கது. ஏஜென்ட் என்ன விலைக்கு விற்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது, அந்தப் பணம் எங்கள் கையிலிருந்து போவதும் இல்லை, தெரியாத தொகைக்கு எப்படி வரி பிடிப்பது என்றார்கள். டிக்கெட் கடைசிவரை விமான நிறுவனத்தின் சொத்துதான், ஏஜென்ட் அதை வாங்கி விற்கவில்லை, நிறுவனத்தின் சார்பில்தான் விற்கிறார் என்று நீதிமன்றம் சொன்னது. விற்பனை விவரம் முழுவதும் பி.எஸ்.பி. முறையில் தொகுக்கப்படுகிறது, எனவே தெரியாது என்ற வாதம் நிற்காது. கூடுதல் தொகையும் கமிஷன்தான், பிடித்தம் செய்திருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. ஏஜென்டுகள் ஏற்கெனவே தங்கள் வருமானத்துக்கு வரி கட்டிவிட்டதாலும், சட்டநிலை அதுவரை தெளிவில்லாமல் இருந்ததாலும் அபராதம் மட்டும் நீக்கப்பட்டது.

வரி நுணுக்கத்தை விட்டுவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வாதத்தின் தொனி. பயணி என்ன விலை கொடுத்தார் என்று தெரியாமல் இருப்பதுதான் விமான நிறுவனத்துக்கு வசதி. தள்ளுபடி முழுவதும் அதன் பையிலிருந்து வருகிறது. ஆனால் கொடுத்தது தான் அல்ல என்று அது சொல்லிக்கொள்ள முடிகிறது. மொத்த வியாபாரி நடுவில் நிற்பதன் பயன் இதுவே. மேலும், பெயரளவில் மொத்த வியாபாரியாக இருந்தாலும், இந்த வகை டிக்கெட்டில் அவர் எதையும் கொள்முதல் செய்து அடுக்கி வைத்திருக்கவில்லை. அமேடியஸ், சேபர், டிராவல்போர்ட் போன்ற முன்பதிவுக் கணினி வலைகளில், அவருடைய அலுவலக எண்ணுக்கு மட்டும் தெரியும்படி ஒரு தனிக் கட்டணம் ஏற்றப்பட்டிருக்கும். பக்கத்துக் கடைக்காரர் அதே திரையைத் திறந்தாலும் அது தெரியாது. அவரிடம் இருப்பது ஒரு விலைக்கான சாவிதான்.

பங்கு எப்படிப் பிரிகிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. அறிவித்த விலை 52,000 ரூபாய், நெட் விலை 44,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்த வியாபாரி சப் ஏஜென்டுக்கு 45,000-க்குத் தருகிறார். சப் ஏஜென்ட் பயணியிடம் 47,500 வாங்குகிறார். பயணிக்கு 4,500 மிச்சம், கடைக்கு 2,500, மொத்த வியாபாரிக்கு 1,000. நடுவில் இருப்பவர்தான் கொள்ளை அடிக்கிறார் என்ற பொதுநம்பிக்கைக்கு இந்தத் தொழிலில் ஆதாரம் குறைவு. அவருடைய பிழைப்பு எண்ணிக்கையில் இருக்கிறது. ஆண்டு இலக்கைத் தாண்டினால் விமான நிறுவனம் தரும் ஊக்கத்தொகை உண்டு. இந்தியாவில் இதைப் பி.எல்.பி. என்பார்கள். முன்பதிவுக் கணினி வலை நடத்துபவர்களும் தங்கள் வழியாக நடக்கும் ஒவ்வொரு பயணப் பகுதிக்கும் ஏஜென்டுக்கு ஒரு சிறு தொகை தருவார்கள். நூறு சிறிய கடைகளின் விற்பனை ஒரே அங்கீகார எண்ணின் கீழ் சேரும்போது இலக்கு எளிதாக எட்டும். தனியாக நின்றால் அந்த நூறு கடைகளில் ஒன்றுகூட எட்டாது.

கமிஷன் ஒழிந்த கதையையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஏஜென்டுகளுக்கு 10 சதவீதம் என்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 1995 பிப்ரவரியில் டெல்டா நிறுவனம் உள்நாட்டு இருவழி டிக்கெட்டுக்கு 50 டாலருக்கு மேல் கமிஷன் கிடையாது என்று உச்சவரம்பு வைத்தது, மற்றவர்களும் பின்பற்றினார்கள். 2002-ல் அதே டெல்டா அடிப்படைக் கமிஷனையே நிறுத்தியது. இந்தியாவில் 5 சதவீதத்துக்கு இறங்கியிருந்த கமிஷன், 2008-ஐ ஒட்டிப் பெரும்பாலான நிறுவனங்களில் பூஜ்யத்தை நோக்கித் தள்ளப்பட்டது. ஏஜென்டுகள் புறக்கணிப்பு அறிவித்தார்கள், நீதிமன்றம் போனார்கள். போன கமிஷன் பழைய அளவில் திரும்பவில்லை. அடிப்படைக் கட்டணத்தை ஒடுக்கி, எரிபொருள் கூடுதல் கட்டணம் என்ற தலைப்பில் பெரும்பகுதியை எழுதும் பழக்கமும் பரவியது. அடிப்படைக் கட்டணத்தின் மீது கணக்கிடும் எந்தச் சலுகையும் தானாகச் சுருங்கிவிடும். இந்த மாற்றங்கள் மொத்த வியாபாரியை ஒழிக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. நடந்தது நேர்மாறு. கமிஷன் போன பிறகு, நெட் விலை இல்லாத கடைக்குப் பிழைக்க வழி சேவைக்கட்டணம் ஒன்றுதான். நெட் விலை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கடைகள் போய் ஒதுங்கின.

இதுவரை சொன்னது முழுச்சேவை நிறுவனங்களின் கதை. மலிவு விமான நிறுவனங்களில் வேறு விளையாட்டு, அதில் மொத்த வியாபாரி உண்மையாகவே பணத்தைப் பணயம் வைக்கிறார். இதற்குத் தொழிலில் 'சீரீஸ்' என்று பெயர். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ, அல்லது வளைகுடா நகரங்களுக்கோ, ஒரு பருவம் முழுவதும் குறிப்பிட்ட நாட்களின் விமானங்களில் இருபது முப்பது இருக்கைகளைக் குழு முன்பதிவாக முன்கூட்டியே எடுத்து, முன்பணம் கட்டிவிடுவார். பெயர்கள் அப்போது தேவையில்லை. புறப்படச் சில நாட்களுக்கு முன் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் போதும். எடுத்த இருக்கைகளில் குறிப்பிட்ட பங்கை நிரப்பாவிட்டால் முன்பணத்தில் கை வைக்கப்படும்.

முப்பது இருக்கை, தலா 9,000 ரூபாய் என்றால் ஒரு விமானத்துக்கு 2,70,000 ரூபாய் முடங்குகிறது. இருபத்து நான்கை 10,500 வீதம் விற்றால் 2,52,000 வருகிறது. மீதி ஆறு இருக்கையில்தான் லாபமும் நட்டமும் இருக்கிறது. அவற்றைத் தலா 5,000-க்குத் தள்ளிவிட்டாலும் 12,000 லாபம் நிற்கும். தள்ள முடியாவிட்டால் 18,000 நட்டம். அதனால்தான் பெயர்ப்பட்டியல் கொடுக்கும் கடைசி நாளில், இரவு எட்டு மணிக்கு மீந்த மல்லிகையைப் பூக்காரர் அள்ளிக் கொடுப்பதுபோல, வாங்கிய விலைக்குக் கீழே இருக்கைகள் ஏஜென்டுகளின் வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழும். வளைகுடாப் பள்ளிகளின் கோடை விடுமுறைக் காலத்தில் நேர்மாறு நடக்கும். இணையதள விலை ஏறிக்கொண்டே போகும்போது, மார்ச் மாதமே எடுத்து வைத்தவரிடம் பழைய விலையில் இருக்கை இருக்கும். பழைய விலைக்கே கொடுப்பாரா என்றால், கொடுக்கமாட்டார். இணையதளத்தைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்வார், அவ்வளவுதான்.

சீரீஸ் டிக்கெட்டின் கெடுபிடிகள் இந்த ஏற்பாட்டிலிருந்தே வருகின்றன. பெயர் மாற்ற முடியாது, தேதி மாற்ற முடியாது, ரத்து செய்தால் பெரும்பாலும் ஒன்றும் திரும்பாது. குறைந்த விலைக்கு ஆசைப்பட்டு வாங்கியவருக்கு விசா தாமதமானால் முழுத் தொகையும் போகும். நல்ல ஏஜென்ட் இதை முதலிலேயே சொல்வார். சொல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

சிறிய கடையின் அன்றாடம் இப்போது கணினித் திரையில்தான். ரியா, அக்பர், டி.பி.ஓ. போன்ற பெரிய பெயர்கள் ஏஜென்டுகளுக்கு மட்டுமான தளங்களை நடத்துகின்றன. 1978-ல் மும்பையில் வளைகுடாப் பயணிகளை நம்பித் தொடங்கிய அக்பர் டிராவல்ஸ் பழைய தலைமுறைக்கு எடுத்துக்காட்டு. 2006-ல் தொடங்கி 2024 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்த டி.பி.ஓ. புதிய தலைமுறைக்கு. கடைக்காரர் தளத்தில் முன்பணம் போட்டு வைப்பார், அல்லது பழகியவர் என்றால் ஒரு வாரம் பத்து நாள் கடன் கிடைக்கும். நெட் விலை தெரியும் இடத்திலேயே, தான் வைக்கும் கூடுதல் தொகையையும் போட்டுக்கொள்வார். டிக்கெட் அவர் கடைப் பெயருடன் அச்சாகும். ஊரில் பயணியும் அவரிடம் கடன்தான் சொல்வார்: மகன் அனுப்பியதும் தருகிறேன், கம்பெனியில் வாங்கியதும் தருகிறேன். மொத்த வியாபாரி பி.எஸ்.பி.க்குக் குறித்த நாளில் கட்டியே ஆக வேண்டும். மேலே இரக்கமில்லாத தேதி, கீழே முகம் பார்த்துச் சொல்லும் கடன். நடுவில் உள்ள இடைவெளியைத் தாங்குவதற்குத்தான் அவருக்கு அந்த ஆயிரம் ரூபாய் என்று சொன்னால் மிகையில்லை.

இன்னொரு தலைவலி ஏ.டி.எம்.; பணம் எடுக்கும் இயந்திரம் அல்ல, டிக்கெட் வெளியிட்ட பிறகு தவறு கண்டுபிடித்து விமான நிறுவனம் ஏஜென்டுக்கு அனுப்பும் பற்றுச்சீட்டு. கப்பல் பணியாளர்களுக்கென்று தனிக் கட்டணம் உண்டு. கூடுதல் சுமை, தாராளமான தேதி மாற்றம் எல்லாம் அதில் கிடைக்கும். வெளிநாட்டு வேலைக்குப் போகும் தொழிலாளர்களுக்கும் சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. தகுதி இல்லாதவருக்கு இவற்றில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால், அன்று பறந்துவிடலாம். சில மாதம் கழித்து வித்தியாசத் தொகை பற்றுச்சீட்டாக வரும். அது முதலில் மொத்த வியாபாரியின் தலையில் விழும், அவர் சப் ஏஜென்டின் முன்பணத்தில் கழிப்பார், சப் ஏஜென்ட் பயணியைத் தேடுவார். பயணி அதற்குள் ஓமனின் சலாலாவில் இருப்பார்.

பணம் மேலே போகும்போது விரைவாகப் போகிறது. கீழே இறங்கி வரும்போதுதான் சங்கிலியின் நீளம் தெரிகிறது. 2020-ல் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோது, பயணி கடைக்காரரைக் கேட்டார், கடைக்காரர் தளத்தைக் கேட்டார், தளம் விமான நிறுவனத்தைக் கேட்டது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த தீர்ப்பு, பொதுமுடக்க காலத்து டிக்கெட்டுகளுக்கான தொகையைத் திருப்பித் தரும் முறையை வகுத்தபோது, ஏஜென்ட் வழியாக வாங்கியவர்களின் பணம் ஏஜென்ட் வழியாகவே உடனே சேர வேண்டும் என்று குறிப்பிட்டது. ஏஜென்ட் வழியாக வாங்கினாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சேரும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. நிறுவனமே விழுந்துவிட்டால் விதி இருந்தும் பயனில்லை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே 3-ஆம் தேதி முதல் கோ பர்ஸ்ட் பறக்கவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் திவால் மனு போட்டிருந்தது. கோடை விடுமுறைக் கூட்டத்துக்காகக் குழு முன்பதிவில் கட்டிய பணமும், நிறுவனத்தின் கணக்கில் போட்டு வைத்த முன்பணமும் ஏஜென்டுகளுக்கு அங்கேயே சிக்கிக்கொண்டன. பயணிகளில் பலருக்குக் கடைக்காரர்கள் தங்கள் கையிலிருந்து வேறு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். உள்ளூரில் முகம் காட்ட வேண்டியவர்களுக்கு வேறு வழியில்லை.

இந்த வழியில் வாங்கிய டிக்கெட்டை அடையாளம் காணச் சில குறிகள் உண்டு. கட்டணம் என்ற இடத்தில் தொகைக்குப் பதில் 'ஐ.டி.' அல்லது 'பி.டி.' என்ற எழுத்துகள் இருந்தால், அது தனிக் கட்டணத்தில் வெளியிட்ட டிக்கெட். என்ன விலைக்குத் தந்தோம் என்பதைப் பயணிக்குக் காட்டாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. மாற்றமோ ரத்தோ வேண்டி விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனால், வாங்கிய இடத்தில் கேளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். அடிக்கடி பறப்பவர்களுக்கு நிறுவனம் தரும் புள்ளிகள் குறைவாகவோ இல்லாமலோ போகலாம். முக்கியமானது டிக்கெட் எண். பி.என்.ஆர். என்ற ஆறு எழுத்துக் குறியீடு முன்பதிவை மட்டும் காட்டும். பணம் கட்டி டிக்கெட் வெளியானதற்குச் சான்று பதின்மூன்று இலக்க எண். அதன் முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைச் சொல்லும்: ஏர் இந்தியா 098, எமிரேட்ஸ் 176, ஸ்ரீலங்கன் 603, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618. மலிவு நிறுவனங்கள் பலவற்றில் இந்த எண் இருக்காது. அங்கே நிறுவனத்தின் இணையதளத்தில் பி.என்.ஆரைப் போட்டு, உறுதியானது என்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஏஜென்ட் மீது சந்தேகப்பட வேண்டியதில்லை. அவருக்கும் மொத்த வியாபாரிக்கும் இடையில் முன்பணம் தீர்ந்துபோய், முன்பதிவு காலாவதியாகக் காத்திருக்கலாம். அது அவருக்கே தெரியாமல் போவதும் உண்டு.

விமான நிறுவனங்கள் இப்போது இந்தச் சாவிகளைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன. ஐயாட்டா 2012-ல் முன்வைத்த என்.டி.சி. என்ற தொழில்நுட்ப ஏற்பாட்டில், விலை ஒரு வலையில் ஏற்றி வைக்கப்படுவதில்லை. கேட்பவர் யார் என்று பார்த்து நிறுவனமே அந்த நொடியில் விலை சொல்லும். லுப்தான்சா 2015 செப்டம்பர் முதல் பழைய வலைகள் வழியாக எடுக்கும் டிக்கெட்டுக்கு 16 யூரோ கூடுதலாக வாங்கத் தொடங்கியது. பிறகு வேறு சில நிறுவனங்களும் அந்த வழியில் வந்தன. ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியோடும் தனித்தனியாக இணைப்பு ஏற்படுத்திக்கொள்ள தஞ்சாவூர்க் கடைக்காரரால் முடியாது. அந்த இணைப்புகளைச் செய்து ஒரே திரையில் தருபவர்கள் மறுபடியும் அதே மொத்த வியாபாரிகள்தான். மறைப்பு என்ற வேலை அவர்களிடமிருந்து மெல்லக் கழன்றுகொண்டிருக்கிறது. பத்து நாள் கடன் கொடுக்க எந்த விமான நிறுவனமும் இதுவரை முன்வரவில்லை.